கமலவேணி அக்காவுக்கு வலப்பக்கம் ஒரு மானிட்டர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் வேலை பார்க்கும் ஒலி வாடகை நிறுவனத்தின் கிடங்கில் மைக் வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். சேலம், நாமக்கல் பக்கத்து மைக் செட்காரர்களும் மெல்லிசைக் குழுவினரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சுற்றிலும் ரோஜாப்பூ. நடுவில் கமலவேணி அக்கா, கையில் மைக். மெல்லிசைப் பாடகி இறைவனடி சேர்ந்தார் என்று கீழே எழுதியிருந்தது. பத்து நிமிடத்துக்குள் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. ஒருவர் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதினார். இரண்டு வருடமாக அவருக்குப் பதில் வேறு ஆளைப் போட்டு ஈடு செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

கைகூப்பியவர்களில் பலர் 'அந்தம்மா வேண்டாங்க, வேற பொண்ணப் போடுங்க' என்று அப்போது அக்காவும் நானும் இருந்த மெல்லிசைக் குழுவுக்குப் போன் செய்து சொன்னவர்கள். அவர்கள் அப்படிச் சொல்லக் காரணமாக இருந்தது நான் எழுதிய ஒரு வரி. இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் அதுவும் ரோஜாப்பூப் படம்தான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு: கமலவேணி அக்கா வெண்ணந்தூரில் ஒரு கைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி ராசிபுரம் வந்தார். கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனார், பிறகு அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். ஒரே மகள் திவ்யா. நாமக்கல்லில் செவிலியராக இருக்கிறார். அக்கா இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கோயில் திருவிழா, கல்யாணம், காதணி விழா என்று மேடைகளில் பாடினார். ஐம்பத்து மூன்று வயதில் இறந்தார்.

குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த விதத்தில்தான் சொல்ல முடியும். அவர் மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிப்பார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கை தானாக இன்னும் நாலு விரல் விலகும். மிக்ஸரில் அவருடைய சத்தத்தை முதல் பாட்டில் வைத்துவிட்டால் கடைசிப் பாட்டு வரை நான் கை வைக்க வேண்டியதில்லை. நான் பார்த்த வேறு எந்தப் பாடகரிடமும் இது நடந்ததில்லை. தேன் போன்ற குரல், குயில் போன்ற குரல் என்றெல்லாம் குழுவில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அவரைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கொஞ்சம் கரகரப்பான, நேராக வந்து நிற்கிற குரல் அது.

யாரையும் புண்படுத்தாத நல்ல மனுஷி என்று எழுத எனக்கு வழியில்லை. எல்லோரையும் புண்படுத்தியிருக்கிறார். ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையேறி, நானும் ஒன்று பாடுகிறேன் என்று மைக்கை வாங்கி முழுப் பாட்டையும் பாடினார். முடித்துவிட்டு எப்படிங்க இருந்துச்சு என்று அக்காவிடம் கேட்டார்.

"ஊட்டுல மாடு கன்னு இருக்குதுங்களா?"

"நாலு மாடு நிக்குதுங்க."

"அதுக முன்னாடி மட்டும் பாடிப்போடாதீங்க. பால் நின்னு போயிரும்."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அக்கா சிரிக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் நான் அக்கா பாடிய மெல்லிசைக் குழுவில் ஒலி அமைப்பாளனாகச் சேர்ந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் முடித்து, சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்திருந்தேன். குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிக்கும் செல்வராசு அண்ணன். அதுவரை அவர் நிகழ்ச்சி நடக்கும் ஊரின் மைக் செட்காரருக்குப் போன் போட்டு, மைக் ஒரு அஞ்சு, பாக்ஸ் கொஞ்சம் பெருசா என்று சொல்வார். அவ்வளவுதான் ஏற்பாடு. எனக்கு அது பொறுக்கவில்லை. என்ன மைக், எத்தனை, எங்கே வைக்க வேண்டும், பாடுபவர்கள் தங்கள் பாட்டையே கேட்பதற்கு அவர்களைப் பார்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் எத்தனை, கரண்ட் எப்படி வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒலித் தேவைப் பட்டியல் தயாரித்து அனுப்பினேன். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு திருவிழா. போய்ப் பார்த்தால் என் நாலு பக்கமும் நாலாக மடிந்து, மிக்ஸர் வைத்திருந்த மேசையின் ஆடும் காலுக்கு அடியில் இருந்தது. தனி எர்த் கேட்டிருந்தேன், கொடுக்கவில்லை. நிகழ்ச்சி முழுக்கக் கீபோர்டிலிருந்து வண்டு குடைவதுபோல் இரைச்சல்.

அக்கா அந்தத் தாளைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, நல்லாத்தான எழுதியிருக்கற. மேச ஆடவே இல்ல பாரு" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

மைக் செட்காரர்கள் சோம்பேறிகள் அல்ல. எதற்கு என்று தெரியாத பொருளை வண்டியில் ஏற்ற மாட்டார்கள், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டு பட்டியலைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதினேன். மூன்று கட்டம். பொருள், எண்ணிக்கை, காரணம். தனி எர்த் ஒன்று. காரணம், இல்லாவிட்டால் கீபோர்டு இரையும். உயரமான மைக் ஸ்டாண்டு இரண்டு. காரணம், குனிந்து பாடினால் மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு பொருள் குறையவில்லை. மற்ற குழுக்காரர்களும் கேட்டு வாங்கித் தங்கள் பேரைப் போட்டு அதே மாதிரியை வைத்துக்கொண்டார்கள். காரணக் கட்டத்தை ஒரு வரியில்கூட நான் காலியாக விடுவதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அக்காவுக்கு அது நல்ல தீனி. ஸ்டூல் ஒன்று என்று போட்டு, ரிதம் பேட் வாசிப்பவருக்கு என்று காரணம் எழுதியிருந்தேன். "உக்காரத்தான்னு தெளிவா எழுதிரு இன்ஜினீரு. அந்தப் பையனுங்க தலைல கவுத்து வெச்சுக்கப் போறானுங்க" என்றார். அவர் கடைசி வரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒன்று இன்ஜினீரு, இல்லாவிட்டால் சாமி.

மூன்று வருடத்துக்கு முன் மாசி மாதத்தில் ஒருநாள் காலை அவர் எழுந்தபோது இடது காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்திருக்கிறது. சளி என்று நினைத்தார். திருவிழாக் காலம், தொடர்ந்து நாலு நாள் நிகழ்ச்சி. பாடி முடித்துவிட்டு ஐந்தாம் நாள் மருத்துவரிடம் போனார். இப்படித் திடீரென்று போகிற காதுக்கு அன்றைக்கே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம், இப்போது நரம்பு போய்விட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த நாலு நாளும் எங்கள் குழு பாராட்டு வாங்கிய நாட்கள். அக்கா மகளைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் கண்டுபிடித்தேன். பாடும்போது தலை வலப்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்திருந்தது. ரிதம் பேட் சத்தம் அதிகம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மீட்டரைப் பார்த்தேன், அதிகமில்லை. சந்தேகம் வந்ததும் ஒத்திகையில் அவர் பின்னால் போய் நின்று இடது காதுப் பக்கம் விரலைச் சொடுக்கினேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் சொடுக்கினேன். எதிரே சுவரில் இருந்த கண்ணாடியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய்க்கு வெக்கற டெஸ்ட்டெல்லாம் எனக்கு வெக்காத சாமி. கேட்டா சொல்லிப்போட்டுப் போறேன்" என்றார். சொன்னார்.

எனக்கு அது கணக்கு. ஒரு காது வேலை செய்யாது, இன்னொன்று நன்றாகவே வேலை செய்கிறது. மேடையில் ரிதம் பேட் அவருக்கு வலப்பக்கம் இருந்தது. நல்ல காதை அந்தச் சத்தம் அடைத்துவிடுகிறது, கீபோர்டின் சுருதி கிடைப்பதில்லை. ஆகவே ரிதம் பேடை இடப்பக்கம் தள்ளிவிட வேண்டும். வலப்பக்கம் அவருக்கென்று தனி மானிட்டர் ஒன்று வைத்து, அதில் கீபோர்டையும் அவர் குரலையும் மட்டும் விட வேண்டும். ஒத்திகையில் அப்படி வைத்துப் பார்த்தோம். ஒரு பிசிறு இல்லை. பாட்டு முடிந்ததும் இடது காதைத் தட்டிக் காட்டி, "செத்த காது ஒரு வேல பாக்குது பாத்தியா. ரிதம் சத்தத்த உள்ள வுட மாட்டீங்குது" என்றார்.

பட்டியலில் அந்த மானிட்டரைச் சேர்த்தேன். காரணக் கட்டத்தில் ஒன்றும் எழுதக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். காலியாக இருந்தால் கொண்டுவர மாட்டார்கள் என்றேன். "அப்ப வேற ஏதாச்சும் எழுது." பொய் எழுத மாட்டேன் என்றேன். காலியாகவே அனுப்பினேன்.

பரமத்தி பக்கம் ஒரு மாரியம்மன் கோயில். நான் பயந்தபடியே அந்த மானிட்டர் வரவில்லை. "ஏற்கனவே ரெண்டு இருக்குதுங்கள்ல, மூணாவது எதுக்குன்னு வுட்டுட்டனுங்க" என்றார் மைக் செட்காரர். மேடையும் குறுகல், ரிதம் பேடை நகர்த்த இடமில்லை. மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணத்தில் அக்கா சுருதியிலிருந்து இறங்கினார். இறங்கியது அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் முன்வரிசையில் சிரிப்பு எழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். விழாக் குழுவிலிருந்து ஒரு சீட்டு மேடைக்கு வந்தது. அடுத்த பாட்டுகளைக் குழுவில் இருக்கும் இன்னொரு பாடகியே பாடட்டும் என்று எழுதியிருந்தது. செல்வராசு அண்ணன் அதை அக்காவிடமே கொடுத்துவிட்டார். அக்கா படித்து, மடித்து, இன்னொரு பாடகியின் கையில் மைக்கையும் சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மிச்சம் ஒன்றரை மணி நேரமும் கூட்டம் பார்க்க மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போகவில்லை.

எனக்கு அக்காவின் மேல் கோபம். காரணம் எழுதியிருந்தால் மானிட்டர் வந்திருக்கும். அடுத்த நிகழ்ச்சி பெரியது. நாமக்கல் பக்கம் கும்பாபிஷேகம், பெரிய மைக் செட். பட்டியலில் எழுதினேன்: வலப்பக்கம் தனி மானிட்டர் ஒன்று. காரணம், பாடகிக்கு இடது காது கேட்காது.

அவரிடம் சொல்லவில்லை.

எல்லாம் வந்தது. நான் எழுதிய இடத்தில், எழுதிய கோணத்தில் மானிட்டர் காத்திருந்தது. ரிதம் பேடுக்கு இடப்பக்கம் தனி மேடையே போட்டிருந்தார்கள். அன்று மாலை அக்கா ஒன்பது பாட்டுப் பாடினார். மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்த ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே பலமுறை கேட்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. இறங்கி வந்து, "இன்னிக்கு எப்படி சாமி எல்லாத்தையும் கொண்டாந்துட்டாங்க?" என்று கேட்டார். அழுத்தமாக எழுதியனுப்பினேன் என்று சொன்னேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவரும் அன்று யாரையும் திட்டவில்லை.

ஒரு வாரத்துக்குள் யாரோ அந்தப் பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிப் படமாக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மேலே இருந்த குழுவின் பேர் இல்லை. யார் எழுதியது என்றும் இல்லை. ஆனால் கீழே ஒருவர் 'வெண்ணந்தூர் அக்காதான்' என்று பதில் போட்டிருந்தார். அதற்குக் கீழே சிரிப்புகள். காது கேக்காத பாடகி, கண்ணு தெரியாத டிரைவர் என்று ஒருவர். பரமத்தியில சுருதி போனது இதனாலதானா என்று ஒருவர். நாமக்கல்லில் அவர் பாடிய ஒன்பது பாட்டைப் பற்றி அதில் ஒருவரும் பேசவில்லை. அங்கே அவர் தப்புச் செய்யவில்லை, பேச என்ன இருக்கிறது?

அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ராசிபுரத்தில் ஒரு காதணி விழா. மைக் செட் குமரேசன் அண்ணனுடையது. நிகழ்ச்சிக்கு முன் மைக் சோதிக்கும்போது, மண்டபம் நிறைய உறவினர்கள் உட்கார்ந்திருக்க, அவர் மைக்கிலேயே சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, "அம்மா… கேக்… குதுங்… களா?" என்று கேட்டார். கையால் காதைத் தொட்டும் காட்டினார். கேலி செய்யவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். மண்டபம் சிரித்தது.

அக்கா மைக்கை எடுத்து, "பாட்டுக் கேக்குதுங்க. நீங்க ஆடு மேய்க்கறாப்புல கத்துறதுதான் ஒன்னும் வெளங்கல" என்றார். மண்டபம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. நன்றாகவும் பாடினார். சாப்பாட்டுப் பந்தியில் குமரேசன் அண்ணனே செல்போனை எடுத்து, யாரோ இப்படிக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள் அம்மா என்று அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்.

கை கழுவுமிடத்தில் அக்கா என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"நீதான எழுதுன?"

ஆமாம் என்றேன். எழுதியது உண்மைதானே, எழுதியதால்தானே நாமக்கல்லில் எல்லாம் சரியாக நடந்தது என்றேன்.

"நெசந்தான். ஆசுபத்திரிக்காரன் கூட நெசத்தக் கவருக்குள்ள போட்டு, ஒட்டித்தான் குடுக்கறான். நீ ஊருக்கே படிச்சுக் காட்டிப்போட்ட."

நான் மறுபடியும் காரணக் கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"கிடாருக்காரனுக்கு ரெண்டு ஆம்ப் வேணும்னு எழுதியிருந்தயே. அதுல காரணம் என்னன்னு போட்ட?"

எனக்கு ஞாபகம் இருந்தது. கலைஞர் விருப்பம் என்று போட்டிருந்தேன். அந்தக் கிடார்க்காரர் இருபத்திரண்டு வயதுப் பையன். எதற்கு இரண்டு என்று நான் அவனைக் கேட்கக்கூட இல்லை. எந்த ஊரிலும் அந்த இரண்டு ஆம்ப்ளிஃபயரும் வராமல் இருந்ததுமில்லை.

"அப்ப எழுதத் தெரிஞ்சிருக்குது உனக்கு" என்றார் அக்கா. "எனக்கு எழுதத் தோணுல. அவ்வளவுதான்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

மேடை ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் பத்துப் பாட்டு ஐந்தானது. பிறகு கடவுள் வாழ்த்து மட்டும். பிறகு செல்வராசு அண்ணன் அவரைக் கூப்பிட்டு, "நானா சொல்றனுங்க்கா? புக் பண்றவிங்க கேக்கறாங்க, நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார். அக்கா, "நீ ஒன்னும் பண்ண வேண்டாங்கண்ணு. நீ எப்பவும் எதையும் பண்ணுனதில்லையே" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு நிகழ்ச்சிகூட வரவில்லை. நானும் சில மாதத்தில் குழுவை விட்டு ஃபேர்லேண்ட்ஸ் வேலைக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஒன்றரை வருடம் அவர் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தார். அறைக்குள் உட்கார்ந்து பேசுகிற வேலை. அதற்கு ஒரு காது போதும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகுமே, அது. ராசிபுரத்திலிருந்து ஆண்டகளூர்கேட் வரை தீபாவளிக்கு முன் நீங்கள் போயிருந்தால் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். பனியன் இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். ஒருநாள் எனக்குப் போன் வந்தது. பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"என்ர குரலு தகர டப்பாக்குள்ள கல்லப் போட்டு ஆட்டறாப்புல போகுது. அந்த ஆட்டோவப் பாத்து சரி பண்ணிக் குடு. பனியனே விக்கறதுன்னாலும் ஒழுங்கா விக்கோணுமில்ல."

போய்ச் சரி செய்து கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். காதைப் பற்றியோ பட்டியலைப் பற்றியோ இருவரும் பேசவில்லை.

இந்த வருடம் வெண்ணந்தூரில் ஒரு கோயில் விழாவுக்கு எங்கள் நிறுவனத்துக்கு ஒலி ஏற்பாடு வந்தது. பொருளும் எங்களுடையது, பட்டியலும் என்னுடையது. விழாக் குழுவிடம் கமலவேணி அக்காவைப் பாட வைக்கச் சொன்னேன். "அவிங்களுக்குத்தான் காது…" என்று இழுத்தார்கள். ஒலியில் தப்பு வந்தால் நான் பொறுப்பு என்றேன். சரி, நாலு பாட்டு என்றார்கள்.

அக்காவிடம் சொன்னபோது முதலில் முடியாது என்றார். அடுத்த நாள் அவரே கிடங்குக்கு வந்துவிட்டார். பட்டியலைத் தான் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. வலப்பக்கம் தனி மானிட்டர் ஒன்று. காரணம், கலைஞர் விருப்பம். ரிதம் பேட் இடப்பக்கம். கலைஞர் விருப்பம். ஸ்டூலுக்குக்கூட அதையே எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"நாலு பாட்டு போதும் சாமி. ஆனா ஒன்னுல கூடத் தப்பு வரக் கூடாது. வேற ஊருன்னா பரவால்ல. பொறந்த ஊருல வந்துச்சுன்னா, அவிய சொன்னதெல்லாம் நெசமாயிரும்."

மானிட்டர் வைத்து ஒருமுறை பாடிப் பார்த்தார். கிடங்கில் நானும் அடுக்கி வைத்த பெட்டிகளும்தான். நாலு பாட்டையும் முழுதாகப் பாடினார். முடித்துவிட்டு, போதும், இதே இடத்தில் வை என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். பேருந்து நிலையம் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். நான் சொல்ல நினைத்திருந்ததை வண்டியில் சொல்லலாம் என்று இருந்தேன். சாலையில் சத்தம் அதிகமாக இருந்தது. விழா முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 'வாரேன் சாமி' என்று இறங்கிப் போனார்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் அடுப்படியில் விழுந்திருக்கிறார். மாரடைப்பு. ராசிபுரம் மருத்துவமனைக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். விழாக் குழுவிலிருந்து வழியிலேயே இரண்டு முறை போன் வந்துவிட்டது. இரக்கமாகப் பேசினார்கள். பிறகு, பதிலுக்கு வேறு யாரை வரச் சொல்லட்டும் என்று கேட்டார்கள். பதிலுக்கு வரப்போகும் பெண்ணுக்கு இரண்டு காதும் கேட்கும். வலப்பக்க மானிட்டர் வேண்டாம், ரிதம் பேடை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அந்த வரிகளை நேற்று நான்தான் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

துக்க வீட்டுக்கு மைக் செட் குமரேசன் அண்ணனுடையது. காசு வேண்டாம் என்று சொல்லிக் கட்டியிருந்தார். திவ்யா ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார். ஒலித்துக்கொண்டிருந்தது நாமக்கல் நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு, நான் அக்காவுக்கு அனுப்பியது. தெருவில் நின்ற குழுக்காரர்கள், என்ன குரல், என்ன சுத்தம் என்று பேசிக்கொண்டார்கள். செல்வராசு அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பொய்யாக அழவில்லை.

நான் மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து மிக்ஸர் பக்கத்தில் நின்றேன். வேறு எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியாது. குமரேசன் அண்ணன் ஒலிபெருக்கியைப் பார்த்தபடியே கேட்டார்.

"இது எந்த வருசங்க தம்பி? காது நல்லா இருந்தப்பப் பாடுனதுங்களா?"

"இல்லைங்க. போனதுக்கு அப்புறம் பாடுனது."

அவர் ஒரு பாட்டு முடியும் வரை காது கொடுத்துக் கேட்டார். அடுத்த பாட்டும் வந்தது.

"ஒரு எடத்துல கூட வுடலியே. அப்பறம் எந்த நாயிங்க அந்த வரிய எழுதுனது?"

"நான்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செரி வுடுங்க. நீங்க நல்லதுக்குத்தான் எழுதியிருப்பீங்க" என்றார். அதை என் தோளில் தட்டிச் சொன்னார்.

நாலு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். வீட்டிலிருந்து உடல் கிளம்பினால் மைக் செட்டை நிறுத்திவிடுவது வழக்கம். குமரேசன் அண்ணன் கை நீட்டி மிக்ஸரை அணைத்தார். அக்கா ஒரு சரணத்தின் நடுவில் இருந்தார். மேல் ஸ்தாயிக்கு ஏறப்போகிற இடம். அவர் கை மைக்கோடு விலகத் தொடங்குகிற இடம். அங்கே நின்றுபோனது. பறை கிளம்பியது. கூட்டம் தெருமுனை திரும்புவதற்குள் மைக் செட் ஆட்கள் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மாலையில் அவர்களுக்கு வேறு ஊரில் ஒரு நிச்சயதார்த்தம்.

போய் வாருங்கள், கமலவேணி அக்கா. பாடத் தெரிந்தவர் நீங்கள். கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள்தான்.